எலிக்குட்டி மூளையில் விமென்டின் இறங்கி ஜிஎஃப்ஏபி ஏறுகிறது: இதை 'முதிர்ச்சி' என்று எழுதலாமா?

சங்கரி

எல்லாருக்கும் வணக்கம். எலிக்குட்டிகளின் பெருமூளைப் புறணியில் ஆஸ்ட்ரோசைட்டுகள் (நியூரான்களுக்குத் துணை நிற்கும் நட்சத்திர வடிவ செல்கள்) எப்படி வளர்கின்றன என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. பிறந்த மறுநாள் எடுத்த திசுவில், வெஸ்டர்ன் பிளாட்டில் (புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) விமென்டின் என்ற இழைப் புரதத்தின் பட்டை கறுத்துத் தடித்திருக்கிறது. ஆஸ்ட்ரோசைட்டின் அடையாளமாகக் கருதப்படும் ஜிஎஃப்ஏபி என்ற இழைப் புரதம் மங்கலாகத்தான் தெரிகிறது. மூன்று வாரக் குட்டியில் அப்படியே தலைகீழ். இதுவரை பாடப்புத்தகத்தில் இருப்பதுதான்.

ஆனால் ஒரு நாள் குட்டியின் செல்களைப் பிரித்து ஃபிளாஸ்கில் வளர்த்தால் கதை வேறாக இருக்கிறது. மூன்று வாரம் கழிந்தும் விமென்டின் இறங்கவில்லை. ஜிஎஃப்ஏபியும் ஏறி, இரண்டும் சேர்ந்து நிற்கின்றன. முன்னோடி செல்களில் இருக்கும் நெஸ்டின் என்ற புரதம்கூடப் போகவில்லை. "ஜிஎஃப்ஏபி வந்துவிட்டதே, முதிர்ந்த செல் என்று எழுதிவிடு" என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். எனக்கு எழுதக் கை வரவில்லை.

இந்தப் புரதங்களின் ஏற்ற இறக்கத்தை எது முடிவு செய்கிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்ணாடித்தகடு

சங்கரி, கை வராதது நல்லதுதான். கொஞ்சம் பின்னாலிருந்து தொடங்குகிறேன், அப்புறம் ஃபிளாஸ்கிற்கு வரலாம்.

செல்லின் எலும்புக்கூடு மூன்று வகை இழைகளால் ஆனது: ஆக்டின், நுண்குழல்கள், இவை இரண்டுக்கும் நடுவான தடிமனில், சுமார் 10 நானோமீட்டரில், இடைநிலை இழைகள். நீங்கள் சொல்லும் மூன்றும் இடைநிலை இழைப் புரதங்கள். எலியில் ரேடியல் கிளையா எனப்படும் கரு மூளையின் முன்னோடி செல்களிடம் நெஸ்டினும் விமென்டினும் இருக்கும். அவை ஆஸ்ட்ரோசைட்டாக மாறும்போது ஜிஎஃப்ஏபி வருகிறது. எலி மூளையில் விமென்டினிலிருந்து ஜிஎஃப்ஏபிக்கு மாறுவது நரம்பிழைகளைச் சுற்றும் மயலின் உறை உருவாகும் காலத்தோடு ஒத்துப்போகிறது என்று டோரிஸ் டால் 1981லேயே எழுதிவிட்டார். நீங்கள் பார்ப்பது அதே மாற்றம்தான்.

இந்த மூன்றையும் தனித்தனியாக ஏறி இறங்கும் மூன்று எண்களாகப் பார்க்காதீர்கள். நெஸ்டினால் தனியாக இழை கட்ட முடியாது, அதற்கு விமென்டின் துணை வேண்டும். ஜிஎஃப்ஏபி தனியாகவே இழை கட்டும். ஆனால் விமென்டின் இல்லாத எலியின் ஆஸ்ட்ரோசைட்டில் ஜிஎஃப்ஏபி இழைகள் வழக்கத்தைவிட நெருக்கமாக, கட்டுக்கட்டாக ஒட்டிக்கொள்கின்றன. அந்தச் செல்லில் நெஸ்டின் இருந்தாலும் இழையாகச் சேராது. ஒன்றின் அளவு மாறினால் மற்றதன் அமைப்பும் மாறும்.

ஃபிளாஸ்க் விஷயம்: பத்து சதவீத சீரம் (இரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதி) போட்டு வளர்க்கிறீர்கள்தானே? உடம்புக்குள் ஆரோக்கியமான ஆஸ்ட்ரோசைட் சீரத்தைப் பார்ப்பதே இல்லை. இரத்தக் குழாய் கிழிந்தால்தான் பார்க்கும். காயம்பட்ட மூளையில் ஆஸ்ட்ரோசைட் என்ன செய்கிறது? ஜிஎஃப்ஏபியை ஏற்றி, விமென்டினையும் நெஸ்டினையும் திரும்பக் கொண்டுவருகிறது. உங்கள் ஃபிளாஸ்கில் நடப்பது இதுதான் என்பது என் கணிப்பு. அதோடு அந்தச் செல்கள் இன்னும் பிரிந்துகொண்டே இருக்கின்றன.

மெத்தில்மணி

கண்ணாடித்தகடு சொன்னது புரதத்தின் பக்கம். மரபணுவின் பக்கம் இன்னும் சுவையானது, அதை விட்டுவிடக் கூடாது.

கருவில் 11.5 நாள் ஆன சுண்டெலியின் நரம்பு முன்னோடி செல்லை எடுத்து, ஆஸ்ட்ரோசைட்டாக மாறச் சொல்லும் சைட்டோகைனான (செல்களுக்கிடையே சைகை தரும் புரதம்) எல்ஐஎஃப்-ஐக் கொடுங்கள். ஜிஎஃப்ஏபி வராது. 14.5 நாள் கருவின் செல்லுக்குக் கொடுத்தால் வரும். சைகை ஒன்றுதான், மூன்று நாளில் பதில் மாறிவிட்டது. காரணத்தை 2001ல் தகிசாவாவும் தாகாவின் ஜப்பானியக் குழுவும் காட்டினார்கள். எல்ஐஎஃப் வந்தால் செல்லுக்குள் ஸ்டாட்3 என்ற புரதம் தூண்டப்படும். அது போய் ஜிஎஃப்ஏபி மரபணுவின் புரொமோட்டரில், அதாவது மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதியில், உட்கார வேண்டும். அந்த இடத்திற்குள் ஒரு சைட்டோசின்-குவானின் ஜோடி இருக்கிறது. 11.5ஆம் நாளில் அந்த சைட்டோசின் மீது மெத்தில் குறி என்ற சிறு வேதித் தொகுதி இருப்பதால் ஸ்டாட்3 ஒட்டுவதில்லை. 14.5இல் பல செல்களில் குறி கழன்றிருக்கிறது.

அந்தக் குறியைக் கழற்றுவது யார்? இதற்கு 2009ல் நமிஹிரா முதலானோர் தந்த பதில் எனக்கு மிகவும் பிடித்தது. முதலில் பிறந்த நியூரான்கள் பக்கத்திலிருக்கும் முன்னோடி செல்லில் நாட்ச் என்ற, தொட்டுக்கொள்ளும் செல்களுக்கிடையேயான சைகையைத் தூண்டுகின்றன. அதனால் என்எஃப்ஐஏ என்ற காரணி ஏறுகிறது. அது ஜிஎஃப்ஏபி புரொமோட்டரில் உட்கார்ந்தால், மெத்தில் குறியைப் பராமரிக்கும் டிஎன்எம்டி1 நொதி அங்கிருந்து விலகிவிடுகிறது. செல் பிரியப் பிரிய குறி தேய்ந்துபோகிறது. பூட்டு கழன்ற பிறகு சைகை வேண்டும். அதையும் நியூரான்களே தருகின்றன, கார்டியோட்ரோபின்-1 என்ற சைட்டோகைனாக. இதை ஃப்ரீடா மில்லர் குழு 2005ல் காட்டியது. ஆக, போதுமான நியூரான்கள் பிறந்தபின் அவையே "இனி ஆஸ்ட்ரோசைட் பிறக்கட்டும்" என்று சொல்கின்றன.

தடையும் உண்டு. நியூரான் உருவாகும் காலத்தில் நியூரோஜெனின் என்ற காரணி அதிகம். ஸ்டாட்3 வேலை செய்ய பி300, சிபிபி என்ற துணைப் புரதங்கள் தேவை. நியூரோஜெனின் அவற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதோடு, ஸ்டாட் தூண்டப்படுவதையும் தடுக்கிறது. அது குறைந்தபின், பிஎம்பி என்ற வளர்ச்சிக் காரணியின் சைகையிலிருந்து வரும் ஸ்மாட்1உம் எல்ஐஎஃப் வழி வரும் ஸ்டாட்3உம் பி300ஐப் பாலமாகக் கொண்டு சேர்ந்து ஜிஎஃப்ஏபியை ஏற்றும். இரண்டும் சேர்ந்தால் தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பல மடங்கு ஏற்றம்.

இவ்வளவு கதவுகளும் திறந்த பிறகுதான் ஜிஎஃப்ஏபி வருகிறது. அதனால் அது முதிர்ச்சியின் அடையாளம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை. என் ஓட்டு உங்கள் ஆய்வுக்கூடத்துக்கு.

யாழிசை

மணி சார், கதவுகள் திறந்தன என்பதும் செல் முதிர்ந்தது என்பதும் ஒன்றா? எனக்கு அதில் உடன்பாடில்லை.

நான் மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்க்கும் மூளை ஆர்கனாய்டில் (தட்டில் வளரும் சிறு மூளைத் திசு உருண்டை) வேலை செய்கிறேன். பாட் லெவிட்டும் பாஸ்கோ ராகிச்சும் 1980லேயே ரீசஸ் குரங்கின் கரு மூளையில் ரேடியல் கிளையாவிலேயே ஜிஎஃப்ஏபி இருப்பதைக் காட்டினார்கள். மனிதக் கருவிலும் அப்படித்தான். அந்தச் செல்கள் இன்னும் பிரிந்து புதிய செல்களைத் தந்துகொண்டிருக்கும், வளரும் நியூரான்கள் ஏறிப்போகும் தடமாகவும் நிற்கும். அவற்றை முதிர்ந்த ஆஸ்ட்ரோசைட் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எலியின் அட்டவணையை அப்படியே எடுத்து மனிதச் செல்லுக்குப் போட்டு, "ஜிஎஃப்ஏபி தெரிகிறது, ஆஸ்ட்ரோசைட் வந்துவிட்டது" என்று எழுதுவதைப் பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

எலிக்குள்ளேயேகூட வாதம் நிற்காது. முழுதாக வளர்ந்த எலியின் புறணிச் சாம்பல் பகுதியில் ஆரோக்கியமான ஆஸ்ட்ரோசைட்டுகள் பலவற்றில் ஜிஎஃப்ஏபி சாயம் ஏறுவதே கடினம். ஹிப்போகாம்பஸில் அதே வயதில் பளிச்சென்று தெரியும். அங்கேகூட ஜிஎஃப்ஏபி காட்டுவது செல்லின் கனவளவில் ஏறத்தாழ 15 சதவீதம் மட்டுமே. தண்டும் பெரிய கிளைகளும் தெரியும். நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸுகளைத் தொடும் நுனிக் கிளைகள் தெரியாது. ஆஸ்ட்ரோசைட்டின் முதிர்ச்சி எனக்கு அந்த நுனிகளில் இருக்கிறது, அங்கே ஆக்டினும் அதைச் சவ்வோடு பிணைக்கும் எஸ்ரினும்தான் வேலை செய்கின்றன. அப்படியானால் புறணி ஆஸ்ட்ரோசைட் எல்லாம் குழந்தைகளா?

லாரன்ஸ் எங் இந்தப் புரதத்தை முதலில் பிரித்தெடுத்தது எங்கிருந்து? மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளின் மூளையில் இருந்த பழைய தழும்புப் பகுதிகளிலிருந்து. 1971ல் வந்த கட்டுரை. தழும்பில் மலிந்து கிடந்த புரதம் பிறகு எல்லா ஆஸ்ட்ரோசைட்டுக்கும் அடையாள அட்டையாகிவிட்டது.

மெத்தில்மணி

யாழிசை, குரங்கு பற்றிச் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் சங்கரி கேட்டது எலி. எலிப் புறணியில், முதல் மூன்று வாரத்துக்குள், அந்த வயது வரிசையில் ஜிஎஃப்ஏபி ஏறுவது ஆஸ்ட்ரோசைட் உருவாக்கத்தோடு சேர்ந்தே போகிறது. ஒரு அடையாளம் எல்லா இடத்திலும் எல்லா உயிரினத்திலும் பொருந்தவில்லை என்பதற்காக அது பொருந்தும் இடத்திலும் அதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. புறணியில் ஜிஎஃப்ஏபி குறைவு என்பது சரி. அங்கே எஸ்100பீட்டாவோ ஆல்டிஹெச்1எல்1ஓ, இந்த வேறு ஆஸ்ட்ரோசைட் அடையாளங்களைச் சேர்த்துப் பார்க்கலாம்.

கண்ணாடித்தகடு

இருவரும் வாதிடுங்கள், நல்லதுதான். அதற்கு முன் சங்கரி ஒரு விஷயத்தைச் சரிபார்க்க வேண்டும். திசுவை எந்த பஃபரில் அரைத்தீர்கள், சங்கரி?

சங்கரி

ட்ரைட்டன் என்ற மென்மையான சோப்பு ஒரு சதவீதம் போட்ட வழக்கமான பஃபர், அண்ணா. குளிர்நிலையில் சுழற்றி மேல்நீரை எடுத்து ஜெல்லில் ஓட்டினேன். அடியில் படிந்ததை எறிந்துவிட்டேன்.

கண்ணாடித்தகடு

அங்கேதான் சிக்கல். இடைநிலை இழைகள் ட்ரைட்டனில் கரையாது. கட்டி முடித்த இழைகள் எல்லாம் அடியில் போய்விடும். மேல்நீரில் இருப்பது இன்னும் இழையாகாத, அல்லது இழையிலிருந்து கழன்ற சிறு பகுதி. உங்கள் பட்டை ஏறியது என்றால் மொத்தப் புரதம் ஏறியதா, கரையும் பங்கு மட்டும் ஏறியதா என்று சொல்ல வழியில்லை.

மேல்நீரையும் அடிப்படிவையும் தனித்தனியாக வையுங்கள். படிவை இரண்டு சதவீத எஸ்டிஎஸ் என்ற வலுவான சோப்பில் கொதிக்க வைத்தோ 8 மோலார் யூரியாவிலோ கரைத்து, பக்கத்துப் பக்கத்து வரிசையில் ஓட்டுங்கள். ஜிஎஃப்ஏபி சுமார் 50 கிலோடால்டனில் வரும், விமென்டின் அதற்குச் சற்று மேலே. ஜிஎஃப்ஏபிக்குக் கீழே 38 முதல் 45 வரை படிக்கட்டு மாதிரிச் சில பட்டைகள் தெரிந்தால் அவை வேறு புரதம் அல்ல, கால்பெய்ன் நொதி வெட்டிய துண்டுகள். கால்சியம் ஏறினால் கால்பெய்ன் விழித்துக்கொள்ளும். மூளையை வெளியே எடுத்து மேசையில் வைத்திருக்கும் நேரத்திலேயே அது வேலையைத் தொடங்கிவிடும். கால்சியத்தைப் பிடித்துவைக்கும் ஈஜிடிஏவைப் பஃபரில் சேருங்கள்.

இந்தக் கரையும் பங்கு ஒன்றும் வெறும் தொழில்நுட்பத் தொல்லை அல்ல. அதுவே ஒரு கட்டுப்பாட்டுப் படி. இந்தப் புரதங்களின் தலைப்பகுதியில் உள்ள செரின், திரியோனின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட் ஏறினால் இழை கலைந்துவிடும். விமென்டினில் இதை மசாகி இனாகாகி குழு 1987ல் காட்டியது. செல் இரண்டாகப் பிரியும்போது நடுவில் பிளவு விழும் இடத்தில் ஆரோரா-பி, ரோ-கைனேஸ் போன்ற நொதிகள் அந்த இடத்து இழைகளில் மட்டும் பாஸ்பேட் ஏற்றும். அந்த இடங்களை மாற்றிப் பாஸ்பேட் ஏறாதபடி செய்தால், மகள் செல்கள் இரண்டும் பிரிந்த பின்னும் நடுவே ஓர் இழைப் பாலத்தால் கட்டுண்டு நிற்கின்றன. மைக்ரோஸ்கோப்பில் ஒரு தடவை பார்த்தால் மறக்காது. வளரும் மூளையில் செல்கள் அடிக்கடி பிரிகின்றன என்பதால் இந்தப் படி அங்கே முக்கியம். யாழிசை ஆர்கனாய்டில் பிரியும் ரேடியல் கிளையாவைப் பார்க்கப் பயன்படுத்தும் பாஸ்போ-விமென்டின் ஆன்டிபாடி இதே வேதியியலைத்தான் பிடிக்கிறது.

இன்னொன்று, முழுத் திசுவின் விமென்டினில் இரத்தக் குழாய்ச் செல்களும் மூளை உறைச் செல்களும் பங்கு போடுகின்றன. ஒரு நாள் குட்டியில் உறையை முழுதாக உரிக்காவிட்டால் விமென்டின் பொய்யாகவே தடிக்கும்.

மாறன்_குழந்தைநரம்பியல்

நான் குழந்தை நரம்பியல் மருத்துவர், ஆய்வுக்கூடத்தில் வேலை செய்பவன் அல்ல. ஆனால் இந்த விவாதத்தைப் படிக்கும்போது அலெக்சாண்டர் நோய் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே என்று தோன்றியது.

வில்லியம் ஸ்டூவர்ட் அலெக்சாண்டர் என்ற நியூசிலாந்து நோயியலாளர் 1949ல் பதினைந்து மாதக் குழந்தை ஒன்றின் மூளையை விவரித்தார். ஆஸ்ட்ரோசைட்டுகளுக்குள் திட்டுத் திட்டாகப் புரதக் கட்டிகள். ரோசென்தால் இழைகள் என்று அவற்றுக்குப் பெயர். இன்று நாங்கள் இந்நோயைச் சந்தேகிப்பது குழந்தையின் தலை பெரிதாகி, வலிப்பு வந்து, கற்ற அசைவுகளை இழக்கும்போது. எம்ஆர்ஐயில் முன்மூளையின் வெள்ளைப் பகுதி மாறியிருக்கும்.

காரணம் எப்படித் தெரிந்தது என்பதுதான் உங்கள் விவாதத்துக்கு வேண்டியது. 1990களின் இறுதியில் ஆல்பீ மெஸ்ஸிங் குழு சுண்டெலியில் மனித ஜிஎஃப்ஏபி மரபணுவின் கூடுதல் பிரதிகளைச் சேர்த்தது. புரதத்தில் எந்தக் குறையும் இல்லை, அளவு மட்டும் அதிகம். அதிகமாக உருவாக்கிய எலிகள் சில வாரத்தில் இறந்தன, மூளை நிறைய ரோசென்தால் இழைகள். அந்தத் துப்பை வைத்து நோயாளிகளின் ஜிஎஃப்ஏபி மரபணுவைப் படித்தபோது அதில் மாற்றங்கள் கிடைத்தன. பிரென்னர் முதலானோரின் 2001 கட்டுரை. பெரும்பாலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாமல் குழந்தையிடம் புதிதாகத் தோன்றிய மாற்றம், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியது. 79ஆம், 239ஆம் இடத்து ஆர்ஜினின்கள் அடிக்கடி அடிபடுகின்றன.

மறுபக்கம், ஜிஎஃப்ஏபியே இல்லாத எலிகளை 1995, 96ல் நான்கு குழுக்கள் உருவாக்கின. அவை பிறந்து, வளர்ந்து, குட்டி போட்டன. இல்லாமல் இருப்பதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் மூளை, அதிகமாகக் குவிவதைத் தாங்குவதில்லை. பெற்றோரிடம் உட்கார்ந்து இதை விளக்கும்போது நான் சொல்வதும் இதுதான்: உங்கள் குழந்தைக்கு ஏதோ ஒன்று குறைவாக இல்லை, ஒன்று தவறாக உருவாகிக் குவிகிறது. இப்போது ஜிஎஃப்ஏபி ஆர்என்ஏவைப் பிடித்து அழிக்கும் ஆன்டிசென்ஸ் மருந்தை நோயாளிகளிடம் சோதித்து வருகிறார்கள். அதற்கு அடிப்படையே 'இந்தப் புரதம் குறைந்தால் பெரிய கேடில்லை' என்ற எலிப் பாடம்.

யாழிசை

டாக்டர், இதைத்தான் சொல்ல வந்தேன். முதிர்ச்சிக்கு இன்றியமையாத ஒன்று என்றால் அது இல்லாத எலி எப்படி வளர்ந்தது? மணி சாருக்குக் கேள்வி.

மெத்தில்மணி

'இல்லாமல் தாங்கிக்கொண்டது' என்பது கூண்டுக்குள் அமைதியாக இருக்கும் எலிக்குப் பொருந்தும். அதே எலிக்கு வயதானபோது வெள்ளைப் பகுதியின் அமைப்பும் மயலினும் கெட்டதை லீட்கே குழு 1996ல் காட்டியது. தலையில் எடையைப் போட்டு அடிபடச் செய்தபோது ஜிஎஃப்ஏபி இல்லாத எலிகள் கழுத்துத் தண்டுவடம் சேதமாகி இறந்தன. சாதாரண எலிகள் பிழைத்தன. ஜிஎஃப்ஏபி, விமென்டின் இரண்டும் இல்லாவிட்டால் விழித்திரை இழுவிசையைத் தாங்காமல் பிரிகிறது. இந்த இழைகளின் வேலை அழுத்தம் வரும்போதுதான் தெரியும். வளரும் மூளை அதற்காக முன்கூட்டியே கட்டிவைக்கிறது என்பது என் எண்ணம்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ளலாம்: ஜிஎஃப்ஏபி 'வந்தது' என்பதைவிட எந்த அளவில் நின்றது, எதோடு சேர்ந்து நின்றது என்பதே பெரிய செய்தி. மாறன் டாக்டர் சொன்னதும் அதுதான்.

சங்கரி

எல்லாருக்கும் நன்றி. ஒரு விவரம் முதலிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு இரண்டாவது குழு ஒன்று இருக்கிறது. தாய் எலிக்குக் கருக்காலத்திலிருந்து தண்ணீரில் தைராய்டைத் தடுக்கும் மருந்தான மெதிமசோல் கொடுத்து, தைராய்டு குறைந்த குட்டிகள். அவற்றில் ஜிஎஃப்ஏபி ஏறுவது தாமதமாகிறது. பீட்டா-ஆக்டினை ஒப்பீட்டுப் பட்டையாக வைத்துத்தான் கணக்கிட்டேன்.

கண்ணாடித்தகடு

ஐயோ, ஆக்டின் வேண்டாம். தைராய்டு ஆய்வில் ஆக்டினை ஒப்பீட்டு அடிப்படையாக வைத்தால் அளவுகோலே நீண்டு சுருங்கும்.

ஆஸ்ட்ரோசைட்டில் ஆக்டின் இழைகள் நிலைத்து நிற்கத் தைராய்டு ஹார்மோன் வேண்டும். மாசசூசெட்ஸில் ஜாக் லியனார்ட் குழு 1990 வாக்கில் காட்டியது இன்னும் வியப்பானது: உட்கருவில் வேலை செய்யும் டி3 என்ற ஹார்மோன் வடிவம் அல்ல, டி4, ரிவர்ஸ் டி3 என்ற மற்ற வடிவங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன. மரபணுவைத் தொடாமலே நடக்கும் வேலை அது. நம் நாட்டிலும் கொல்கத்தாவின் இந்திய வேதியியல் உயிரியல் நிறுவனத்தில் 1990களில் சர்க்கார் குழு, தைராய்டு ஹார்மோனால் தட்டையான ஆஸ்ட்ரோசைட் கிளை விடுவதையும் அதோடு ஆக்டின் மாறுவதையும் வளரும் செல்களில் தொடர்ந்து பார்த்தது. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான வேலை, தேடிப் படியுங்கள்.

நுண்குழல் புரதமான ட்யூபுலினும் ஆகாது. பிறந்த குட்டியின் மூளையில் அது மிக அதிகம், வளர வளர அதன் பங்கு இறங்கும். புரதங்கள் படிந்த சவ்வை பொன்சோ என்ற புரதச் சாயத்தில் தோய்த்து, அந்த வரிசையின் மொத்தப் புரதத்தையே ஒப்பீட்டு அடிப்படையாக வையுங்கள்.

மாறன்_குழந்தைநரம்பியல்

சங்கரி, இது மருத்துவத்துக்கும் முக்கியமான குழு. அயோடின் குறைந்த தாய் எலிகளின் கருவில் ஹிப்போகாம்பஸ் ரேடியல் கிளையாவின் முதிர்ச்சி பிந்துவதை ஸ்பெயின் குழு ஒன்று 1997ல் காட்டியது. நியூரான்கள் அந்தத் தடத்தில்தான் நகர்கின்றன. பிறந்த குழந்தைக்கு குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துத் தைராய்டு பார்ப்பதை நாங்கள் வற்புறுத்துவதன் பின்னால் இந்தக் கிளையாவும் இருக்கிறது. பெற்றோருக்கு அது பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

யாழிசை

அப்படியானால் சங்கரி, தாமதம் எங்கே நடக்கிறது என்று பிரித்துப் பார். ஸ்டாட்3 இடத்தின் மெத்தில் குறி பிந்துகிறதா? ஆர்என்ஏ வந்தும் புரதம் வரவில்லையா? புரதம் வந்தும் இழையாகாமல் கரைந்த நிலையிலேயே நிற்கிறதா? இழைப்புரதம் வாரக்கணக்கில் நிலைக்கும், ஆர்என்ஏ அப்படி அல்ல. இரண்டும் ஒரே நாளில் ஒரே கதையைச் சொல்லும் என்று எதிர்பார்க்காதே. ஃபிளாஸ்குக்குப் பதில் ஸ்டான்ஃபோர்டில் பென் பேர்ஸ் ஆய்வுக்கூடம் 2011ல் தந்த சீரமில்லாத முறை இருக்கிறது, ஆன்டிபாடி பூசிய தட்டில் செல்லைப் பிடித்து ஹெச்பி-ஈஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணி கொடுத்து வளர்ப்பது. செலவு அதிகம்தான். ஒரு ஒப்பீட்டுக்காவது செய்துவிடு.

சங்கரி

படிவையும் மேல்நீரையும் பிரித்து ஓட்டுவதிலிருந்து தொடங்குகிறேன், அக்கா. கடைசியாக ஒரு சந்தேகம். ஜிஎஃப்ஏபி-டெல்டா என்று ஒரு வடிவம் இருக்கிறதாமே, என் 50 கிலோடால்டன் பட்டைக்குள் அதுவும் ஒளிந்திருக்குமா?

யாழிசை

இருக்கலாம், பட்டையை வைத்துச் சொல்ல முடியாது. மனிதனில் ஆல்ஃபா வடிவம் 432 அமினோ அமிலம், டெல்டா 431. வால் பகுதி மட்டும் வேறு. அளவில் ஏறத்தாழ ஒன்றே என்பதால் ஜெல்லில் பிரியாது, வழக்கமான ஆன்டிபாடி இரண்டையும் பிடிக்கும். டெல்டா தனியாக ஒழுங்கான இழை கட்டாது, அதன் பங்கு கூடினால் ஆல்ஃபாவின் வலையையும் குலைக்கும். மனித மூளையில் அதை ரேடியல் கிளையாவிலும், வளர்ந்த பின் ஸ்டெம் செல் இருக்கும் சப்வென்ட்ரிகுலர் பகுதியிலும் அதிகம் பார்க்கிறோம். வால் பகுதிக்கென்று தனி ஆன்டிபாடி வாங்கு. வாங்குமுன் அது எலியின் வாலைப் பிடிக்குமா என்று தரவுத் தாளில் பார்த்துக்கொள். பட்ஜெட் இடிக்கும் என்றால் ஏழாவது எக்ஸானை (மரபணுவின் குறியீட்டுத் துண்டு) ஒட்டிய டெல்டாவின் தனிப் பகுதிக்கு பிரைமர் போட்டு ஆர்டி-பிசிஆரில் (ஆர்என்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கிப் பார்க்கும் முறை) முதலில் பார். ஒரு நாள் குட்டி, மூன்று வாரக் குட்டி, மெதிமசோல் குட்டி மூன்றிலும் ஓட்டு.